கேட்காத காதுக்குப் பஞ்சு

மருதாம்பாளின் இடது காது சில அறுவடைகளுக்கு முன்பே ராஜினாமா செய்துவிட்டது. வலது காது மட்டும் தினக்கூலிக்கு வந்துபோய்க்கொண்டிருந்தது. இதைச் சொல்லி ஊரைச் சிரிக்கவைப்பதும் அவளேதான். "என்னையத் திட்டுறவங்க எடது பக்கமா நின்னு திட்டுங்க. ஒங்களுக்கும் ஆத்திரம் தீரும், எனக்கும் மனசு நோவாது" என்பாள்.

காதைத் தின்றது மக்காச்சோளம் அடிக்கிற மிஷின். பெரம்பலூர்ப் பக்கத்தில் தை பிறந்துவிட்டால் களத்துக்குக் களம் அதுதான் அலறும். டிராக்டருக்குப் பின்னால் மாட்டி ஓட்டுவார்கள். கதிர்க் குவியலிலிருந்து மிஷினின் வாய்வரை பெண்கள் வரிசையாக நின்று, கூடையைக் கைமாற்றிக் கைமாற்றிக் கொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். மணி ஒரு பக்கம், சக்கை ஒரு பக்கம், அரிக்கிற சுணை எல்லாப் பக்கமும் பறக்கும். அதனால் எல்லோரும் கண்ணை மட்டும் விட்டுவிட்டு முகத்தைத் துண்டால் சுற்றிக் கட்டியிருப்பார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் வங்கியைக் கொள்ளையடிக்கப் போகிற கும்பல் மாதிரி இருக்கும்.

மூக்குக்குத் துண்டு இருக்கிறது, காதுக்கு என்ன இருக்கிறது என்று முதலில் கேட்டவள் மருதாம்பாள். கலெக்டர் ஆபீஸுக்கு மனுநாள் தவறாமல் போய் நின்றாள். "என்னம்மா பிரச்சினை?" என்று அதிகாரி மெதுவாகக் கேட்டபோது, "சத்தமாக் கேளுங்க சார், அதுதான் பிரச்சினையே" என்றாள். ஊரில் அவளுக்குக் 'காதுத் தலைவி' என்று பேர் வைத்தார்கள். அவள் அதை விருது மாதிரி வைத்துக்கொண்டாள்.

கடைசியில் திட்டம் வந்தது. திருச்சியிலிருந்து பெனிட்டா என்ற பெண் வேனில் வந்து இறங்கி, டிராக்டர் நிழலில் எல்லோரையும் உட்காரவைத்து, ஆளுக்கு இரண்டாக ஒரு சாமானைக் கொடுத்தாள். கறுப்பாக, புளியங்கொட்டை அளவில், காலில்லாத வண்டு மாதிரி இருந்தது. அரசாங்கம் அதற்குச் 'செவிக்காப்பு' என்று பேர் வைத்திருந்தது. பெண்கள் அன்றைக்கே 'பூச்சி' என்று மாற்றிவிட்டார்கள்.

"இது காத அடைக்காது அக்கா. மிஷின் எப்படிச் சத்தம் போடுதோ, அதுக்கு நேர் எதிரா இது ஒரு சத்தம் போடும். ரெண்டும் மோதிக்கிட்டு ரெண்டும் செத்துரும்" என்றாள் பெனிட்டா.

"மாமியா மருமவ மாதிரிங்கற" என்றாள் மருதாம்பாள்.

"ஆமாக்கா."

"எங்கூர்ல ரெண்டும் சாவாதே. நடுவுல இருக்கறவன்தான சாவான்?"

பூங்காவனமும் அவளுடைய மருமகள் அஞ்சலையும் அடுத்தடுத்து உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேரும் தரையைப் பார்த்தார்கள்.

பெனிட்டா சிரித்து முடித்துவிட்டுச் சொன்னாள்: "மனுசக் குரல மட்டும் இது கொல்லாது. தொண்டை அதிர்வுதான் கணக்கு. வாயத் துண்டால மூடியிருந்தாலும், மொணமொணன்னு பேசினாலும், களத்துல யாரு பேசினாலும் பக்கத்துல உக்காந்து பேசற மாதிரி கேக்கும். ஒரு ஆபத்துன்னா கத்திக் கூப்பிடணுமில்ல?"

மிஷின் ஓனர் கொளஞ்சி டிராக்டர் டயரில் சாய்ந்துகொண்டு பல் குத்திக்கொண்டிருந்தான். அவனுக்கும் ஒரு ஜோடியை நீட்டினாள்.

"எனக்கெதுக்கு? பொம்பளைங்க காதுதான் மெல்லிசு" என்று கத்தினான் கொளஞ்சி. கொஞ்ச வருஷமாக அவன் கத்தாமல் பேசியதில்லை. தான் கத்துகிறோம் என்பது அவனுக்கு மட்டும் தெரியாது.

அவன் வாங்கிக்கொள்ளாததுதான் அன்றைக்கு நடந்த ஒரே நல்ல காரியம் என்று பின்னால் மருதாம்பாளுக்குத் தோன்றியது.

பெனிட்டாவுக்குத் தெரியாத ஒன்று அந்தக் களத்தில் இருந்தது. மருதாம்பாளுக்குத் தெரியும், ஆனால் தெரியும் என்பதே அவளுக்குத் தெரியாது. மிஷின் ஓடும்போது பெண்கள் பேசுவார்கள். ஒருத்தி இன்னொருத்தியிடம் அல்ல; யாரிடமும் அல்ல. அந்த அலறலுக்குள் தன் குரல் தனக்கே கேட்காது. முகத்தில் துண்டு இருப்பதால் உதடு அசைவதும் தெரியாது. ஊரில் ஒரு பெண் வாய்விட்டு அழ வேண்டும் என்றால் குளியலறைகூடக் கிடையாது. நாலு தென்னங்கீற்றுக்கு அந்தப் பக்கம் யாராவது பல் விளக்கிக்கொண்டிருப்பான். மிஷின் சத்தம்தான் அவர்களுக்குக் கதவு வைத்த அறை. மாமியாரைத் திட்டுகிறவள் திட்டுவாள். பாட்டுப் பாடுகிறவள் பாடுவாள். மருதாம்பாள் கெட்ட கதை சொல்லித் தானே சிரித்துக்கொள்வாள். கூடை கைமாறும், மனசும் காலியாகும்.

பன்னிரண்டு பெண்களும் பூச்சியைக் காதில் போட்டுக்கொண்டார்கள். கொளஞ்சி மிஷினைக் கிளப்பினான். உலகம் பஞ்சுக்குள் வைத்த மாதிரி அடங்கியது. மருதாம்பாளுக்குக் கண் கலங்கியது. தான் வாங்கிக்கொடுத்த அமைதி. அரை மணி நேரம் எல்லோரும் ஒருவரை ஒருவர் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துச் சிரித்தார்கள். அப்புறம் வேலை மும்முரத்தில் மறந்துபோனார்கள். உடம்பு மிஷினின் உதறலை உணர்ந்தது. உடம்புக்குப் பழக்கம் என்று ஒன்று இருக்கிறதே, அது வாயைத் திறந்துவிட்டது.

முதலில் அஞ்சலை. "கெழவி, ஒனக்கு மீன் தலையா கேக்குது, மீன் தலை" என்று அவள் பாட்டுக்கு ஆரம்பித்தாள். அடுத்து நின்ற பூங்காவனம் வாங்கிய கூடையைப் போட்டுவிட்டாள். களமே குலுங்கியது. மருதாம்பாள் சிரித்துச் சிரித்து இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

அந்தச் சிரிப்பு அடங்கும்போது இன்னொரு குரல் வந்தது. வரிசையின் கடைசியில், மிஷின் வாயருகில் நிற்கிற தையல்நாயகியின் குரல். சிரிப்பையும் கவனிக்காமல் எங்கோ இருந்தாள்.

"மோனிஷாக் கண்ணு. நாலாம் மாசம் ஆச்சே, வாந்தி நின்னுச்சா? ஓசூரு குளிருக்கு ஸ்வெட்டர் போட்டுக்கிறியா? அந்தப் பேக்கரி மேல மாடிப்படி செங்குத்தா இருக்குதுன்னியே, பாத்து எறங்குடி. அம்மா ஒரு நாளைக்கு வருவன்டி. வந்து ஒனக்குத் தலைக்குத் தண்ணி ஊத்துவன்."

ஒரு கூடை அந்தரத்தில் நின்றது. பதினோரு தலைகளும் ஒரே நேரத்தில் அவள் பக்கம் திரும்பின.

தையல்நாயகியின் மகள் ஒரு வருஷத்துக்கு முன் காலனிப் பையனோடு போய்விட்டாள். எங்கே என்று யாருக்கும் தெரியாது, பெற்றவளுக்கும் தெரியாது என்பதுதான் ஊரின் நம்பிக்கை. கொளஞ்சி தையல்நாயகியின் செத்துப்போன புருஷனுக்கு அண்ணன். பையனுடைய அப்பாவின் ஆட்டுக்கொட்டகை எரிந்தது. பையனின் தம்பிக்குக் கை ஒடிந்தது. 'எங்க இருந்தாலும் ரெண்டு பேரையும் ஒரே குழியில வைப்பேன்' என்று கொளஞ்சி டீக்கடையில் சொன்னதை யாரும் பேச்சுக்குச் சொன்னதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இப்போது அவன் டிராக்டர் சீட்டில் உட்கார்ந்திருந்தான். அவன் காதில் மிஷின் மட்டும்தான் விழுந்திருக்கும். ஆனால் தலைகள் திரும்பியதைப் பார்த்துவிட்டான். மிஷினை நிறுத்திவிட்டு இறங்கி வந்தான்.

"என்னா சொன்னா?"

தையல்நாயகி துண்டுக்கு மேலே கண் மட்டுமாக நின்றாள். அந்தக் கண்ணை மருதாம்பாள் பார்த்தாள். தலைவி என்றால் முதல் அடி தனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டாள். பூச்சியைப் பிடுங்கி உள்ளங்கையில் தட்டினாள்.

"என்னாண்ணே கேக்கற? சத்தமாக் கேளு. இந்தப் பூச்சி செத்துப்போச்சு போல, ஒண்ணும் கேக்கல."

"எனக்கும் கேக்கலங்க" என்றாள் அஞ்சலை.

"நேத்தே கேக்கல" என்றாள் பூங்காவனம். பூச்சி வந்தது இன்றைக்குத்தான்.

"பன்னெண்டு பேருக்கும் செத்துப்போச்சா? அப்பறம் எதுக்குடி எல்லாரும் அவளத் திரும்பிப் பாத்தீங்க?"

"அவ ஆடுனா. மயக்கம் போட்டு மிஷினுக்குள்ள வுழுந்துருவாளோன்னு பாத்தம்" என்றாள் மருதாம்பாள்.

கொளஞ்சி ஒவ்வொருத்தி முகமாகப் பார்த்தான். கண்ணுக்குக் கீழே எல்லாம் துண்டு. வேன் இன்னும் சாலையோரம்தான் நின்றது. அவன் பெனிட்டாவைக் கூப்பிட்டுப் பூச்சிகளைச் சோதிக்கச் சொன்னான். எல்லாமே உயிரோடு இருந்தன.

"பூச்சி நல்லாருக்குன்னா காதச் சோதிச்சுப் பாரு. எவளுக்குக் கேக்குது எவளுக்குக் கேக்கலன்னு எனக்குத் தெரியணும்" என்றான். ஒருத்திக்குக் கேட்டது என்று தெரிந்தால் போதும். அவளிடமிருந்து மிச்சத்தை எப்படி வாங்குவது என்று அவனுக்குத் தெரியும்.

வேனுக்குள் முதலில் மருதாம்பாள் போனாள். கதவருகே கொளஞ்சி நின்றான். தலையில் ஒரு பட்டை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்து, எதிரே கண்ணுக்கு நேராக ஒரு சின்னக் கேமராவை வைத்தாள் பெனிட்டா. "சத்தம் கேட்டா அமுக்குங்க. எவ்வளவு சின்னச் சத்தமா இருந்தாலும்."

சத்தம் வந்தது. கோழிக்குஞ்சு தூரத்தில் கத்துகிற மாதிரி. வலது காது அதை அழகாக வாங்கிக் கொடுத்தது. எத்தனை மனுநாள் நின்று காப்பாற்றிய காது. மருதாம்பாள் அமுக்கவில்லை. குஞ்சு கோழியானது, கோழி சைக்கிள் மணியானது, மணி பஸ் ஹாரன் ஆனது. அவள் பஸ் போகாத ஊரில் நிற்கிறவள் மாதிரி நின்றாள். பொய் சொல்வதற்கு வாய் வேண்டும் என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள். சும்மா இருக்கிற கட்டைவிரலே போதுமானதாக இருந்தது.

பெனிட்டா திரையைப் பார்த்தாள். அப்புறம் கேமராவைப் பார்த்தாள். திரும்பி நின்று எதையோ எடுக்கிற மாதிரி, கொளஞ்சிக்கு எட்டாத குரலில் பேசினாள்.

"அக்கா, சத்தம் கேட்டா கண்ணுமணி விரியும். ஒங்களுக்கு ஒவ்வொரு தடவையும் விரியுது. இந்தப் படத்த ரிப்போர்ட்டுல நான் போடல. ஏன்னும் கேக்கல. ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்கங்க. காது போச்சுன்னு எழுதினா பூச்சியத் திருப்பி வாங்கிருவாங்க. இல்லாத காதுக்குக் காப்பு கெடையாதுங்கறது திட்டத்தோட ரூல். அப்பறம் மறுபடி கேட்டாலும் தரமாட்டாங்க. அடுத்த சத்தத்துக்காவது அமுக்குங்க அக்கா."

அடுத்த சத்தம் வந்தது. மருதாம்பாள் கதவுக்கு வெளியே பார்த்தாள். வெயிலில் வரிசையாக நின்ற பெண்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தையல்நாயகி மட்டும் பார்க்கவில்லை. தலையைக் குனிந்து கால்விரலால் சோளமணியை உருட்டிக்கொண்டிருந்தாள்.

மருதாம்பாள் பொத்தானைக் கீழே வைத்துவிட்டு, செவிடர்களுக்கே உரிய அசட்டுச் சிரிப்புடன், "என்னா கண்ணு சொல்ற?" என்று கத்தினாள்.

வெளியே நின்றவர்களுக்கு அது போதுமானதாக இருந்தது. ஒருத்தியும் அமுக்கவில்லை. பூங்காவனம் மட்டும் ஒரு தடவை அமுக்கினாள், சத்தமே இல்லாதபோது. கல்யாணமாகி இரண்டு வருஷம்கூட ஆகாத அஞ்சலைக்கும் 'முற்றிலும் இல்லை' என்று எழுதும்போது பெனிட்டாவின் கை கொஞ்சம் நின்றது. அப்புறம் இருபத்து நாலு பூச்சிகளையும் டப்பாவில் போட்டு மூடினாள்.

"செவிடிங்கள வெச்சா இத்தன நாளு மாரடிச்சேன்?" என்றான் கொளஞ்சி. குரலில் ஏமாற்றம் இருந்தது. இத்தனை நாளும் தன் வாயசைவைப் பார்த்தே பதில் சொல்லியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டான். ஆனால் வேலையை விட்டு நிறுத்தவில்லை. பேச்சுக் கொடுக்காத ஆட்கள் எந்த ஓனருக்குக் கசக்கும்?

செவிடாகச் சோதனையில் தேறுவது சுலபம். செவிடாகக் குடித்தனம் நடத்துவதுதான் கஷ்டம் என்று மருதாம்பாளுக்கு அந்த வாரமே புரிந்தது. வீட்டிலும் சொல்ல முடியாது. ஆண்கள் டீக்கடைக்குப் போகிறவர்கள். அவள் புருஷன் சின்னதுரை முதல் நாள் வாசலில் உட்கார்ந்து வெகுநேரம் தலையைச் சொறிந்தான். மறுநாள் அவள் திரும்பி உட்கார்ந்து பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது, அவள் முதுகைப் பார்த்து, "கொழம்பு நல்லா இருந்துச்சு புள்ள" என்றான். கல்யாணமான நாளிலிருந்து சொல்லாதது. "எப்பவுமே நல்லாத்தான் வெப்ப. நாந்தான் சொன்னதில்ல."

மருதாம்பாள் திரும்பவில்லை. ஏற்கெனவே வெளுத்திருந்த குண்டானை இன்னொரு தடவை தேய்த்தாள். தெரிந்திருந்தால் எப்போதோ செவிடாகியிருக்கலாம் என்று ஒரு கேலி தொண்டைவரை வந்தது. சொல்லிச் சிரிக்க ஆளில்லை.

கொளஞ்சி சும்மா விடவில்லை. பின்னால் வந்து புல்லட்டை உறுமவிட்டான். தகரத்தைத் தரையில் அறைந்தான். அஞ்சலையின் பின்னால் நின்று அவளுடைய அம்மாவைப் பற்றிப் பேசக்கூடாததைப் பேசினான். அஞ்சலை கூடையை நிரப்பிக்கொண்டே இருந்தாள். கண்ணீருக்கான பழியைச் சுணையின் மேல் போட்டுவிட்டாள். பூங்காவனம் தகரச் சத்தத்துக்கு ஒரு முழம் துள்ளி, துள்ளியதற்காக ஒரு பூரானைக் கற்பனையில் தேடி அடித்துக் கொன்றாள். மருமகளும் மாமியாரும் அதற்குப் பிறகு சண்டை போட்டுக்கொண்டதில்லை. சண்டைக்குப் பேச்சு வேண்டுமே.

மெதுவாக அவனுக்கு நம்பிக்கை வந்தது. அடுத்த தையில் களத்தில் மிஷின் நின்றிருக்கும் நேரத்தில், அவர்கள் நடுவிலேயே நின்று போனில் பேச ஆரம்பித்தான், ஆட்டுக்குட்டிகளுக்கு நடுவில் நின்று பேசுகிற மாதிரி. அவனுக்கே காது மந்தம். ஊர் கேட்கக் கத்துவான்.

"ஓசூர்லயா? பேக்கரி மேலயா? நம்ம லாரிக்காரன் கண்ணால பாத்தானா? சரி. வெள்ளிக்கெழம ஆள அனுப்பறேன். புள்ள பெத்துருந்தா அதையும் பாத்துக்கலாம்."

பன்னிரண்டு பேரும் கூடையில் கதிரை அள்ளினார்கள். அன்றைக்குச் சாயங்காலம் சோளத்தட்டைக் காட்டுக்குள் ஆளில்லாத இடமாகப் பார்த்து மருதாம்பாள் தையல்நாயகியின் தோளைப் பிடித்தாள்.

"கேட்டியா?"

"கேட்டங்க்கா."

"பஸ் ஸ்டாண்டு பூக்காரி போன்லேருந்து பேசு. ராவோட ராவா கெளம்பச் சொல்லு. நீ அழுவாத. வூட்டுல போயி அழுவு, இங்க தட்டை முழுக்கக் காது."

"நம்மளத் தவுர ஊர்ல எல்லாருக்கும் காது கேக்கும்க்கா" என்றாள் தையல்நாயகி. வெகுநாளைக்குப் பிறகு ஒருவர் சொன்ன வேடிக்கைக்கு இரண்டு பேரும் சத்தமில்லாமல் சிரித்தார்கள்.

கொளஞ்சியின் ஆட்கள் காலி அறையைப் பார்த்துவிட்டு வந்தார்கள். யார் துப்புக் கொடுத்தது என்று அவன் லாரிக்காரனை அடித்தான், மச்சானைச் சந்தேகப்பட்டான், ஜோசியக்காரனைக்கூட மிரட்டினான். செவிடிகளை நினைத்தே பார்க்கவில்லை. மறுபடி ஒரு தடவை திருப்பூரில் மோப்பம் பிடித்தான். அதையும் களத்தில் நின்றுதான் கத்தினான். மோனிஷா கைக்குழந்தையோடு இன்னொரு ஊருக்குப் போனாள். அவளுடைய உயிருக்கும் அரிவாளுக்கும் நடுவில் இருந்தது, இல்லை என்று எழுதப்பட்ட இருபத்து நாலு காதுகள்தான்.

அந்தக் காதுகளுக்கு இப்போது எதுவும் இல்லை. மிஷின் பழையபடி அலறியது. கொளஞ்சி அதைவிடப் பெரிய மிஷினாக ஒன்று வாங்கியிருந்தான். முதலில் அஞ்சலைதான் சொன்னாள்.

"அக்கா, காதுக்குள்ள குக்கர் விசிலு அடிச்சுக்கிட்டே இருக்குது. மிஷின நிறுத்தினாலும் நிக்கல."

"சோறு வெந்துருச்சா பாரு" என்றாள் மருதாம்பாள். ஆனால் அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. மறுநாள் தலையணையைக் கிழித்துப் பஞ்சு கொண்டுவந்தாள். உருட்டி எல்லோருக்கும் கொடுத்தாள். துண்டை இழுத்து மூடிக்கொண்டால் தெரியாது.

காற்று ஒன்று அடித்தது. அஞ்சலையின் துண்டு விலகியது. கொளஞ்சி வந்து, அவள் காதிலிருந்து வெள்ளையாக எட்டிப்பார்த்ததை இரண்டு விரலால் உருவி எடுத்துப் பார்த்தான். எல்லோருக்கும் பொதுவாகக் காட்டினான்.

"கேக்காத காதுக்கு எதுக்குடி பஞ்சு?"

அவர்களுக்கு அந்தக் கேள்வியே கேட்கக்கூடாது. யாரும் அசையவில்லை. அவன் வெகுநேரம் பஞ்சையும் முகங்களையும் மாறி மாறிப் பார்த்தான். மருதாம்பாள் மூக்கைத் தொட்டுக் காட்டி, தும்மிக் காட்டி, சுணை உள்ளே போகுது என்று கையாலேயே ஒரு நாடகம் போட்டாள். மூக்கையும் காதையும் ஒரே கையால் பொத்திக்கொண்டு அவள் ஆடிய ஆட்டத்தில் அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. போய்விட்டான். ஆனால் அதற்கப்புறம் யாரும் காதில் எதுவும் வைக்கவில்லை. மிஷினை நோக்கி வெறுங்காதோடு நின்றார்கள்.

மருதாம்பாள் மட்டும் ஒரு தடவை திருச்சிவரை போய்ப் பெனிட்டாவைத் தேடினாள். அவள் வேலையை விட்டுப் போய்விட்டதாக ஆபீஸ் வாசலில் இருந்தவர் ஒரு தாளில் எழுதிக் காட்டினார். மருதாம்பாள் அவர் சொன்னபோதே கேட்டுவிட்டதாகத்தான் நினைத்தாள். அவர் ஏன் எழுதிக் காட்டினார் என்று பஸ்ஸில் வரும்போதுதான் யோசித்தாள்.

அதற்கடுத்த தை. மதியம் மிஷினில் தட்டை சிக்கி நின்றுவிட்டது. கொளஞ்சி இறங்கிக் கையை விட்டுச் சிக்கை எடுத்தான். பெண்கள் கூடைகளைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தார்கள். கொளஞ்சி சட்டைப்பையிலிருந்து போனை எடுத்துக் காதில் வைத்தான். மருதாம்பாளுக்கு இரண்டு எட்டு தூரம்தான். வழக்கம்போல அவள் வலது காதை அவன் பக்கம் வைத்துக்கொண்டு, கண்ணை வேறு பக்கம் வைத்துக்கொண்டாள்.

அவள் காதுக்குள் மிஷின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

திரும்பி நேராகவே பார்த்தாள். டிராக்டர் நின்றிருந்தது. மிஷினின் பெல்ட் நின்றிருந்தது. கொளஞ்சியின் வாய் அகலமாகத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. அப்படியென்றால் கத்தித்தான் பேசுகிறான். ஒரு கையால் எதற்கோ குத்துமதிப்பாக உயரம் காட்டினான், இடுப்புக்குக் கீழே, நடக்கத் தொடங்கிய குழந்தை உயரத்துக்கு. அப்புறம் தையல்நாயகியைப் பார்த்தான். சிரித்தான். இன்னும் ஏதோ சொன்னான். ஒரு ஊரின் பேராக இருக்கலாம். ஒரு கிழமையாக இருக்கலாம். போனைப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

தையல்நாயகி துண்டுக்கு மேலே புருவத்தைத் தூக்கி மருதாம்பாளிடம் கேட்டாள்: என்னா சொன்னான்?

மருதாம்பாள் அஞ்சலையைப் பார்த்தாள். அவளுக்கு இளங்காது. அஞ்சலை அதே கேள்வியைக் கண்ணில் வைத்துக்கொண்டு பூங்காவனத்தைப் பார்த்தாள். பூங்காவனம் அடுத்தவளைப் பார்த்தாள். கூடை போகிற மாதிரி அது வரிசை முழுக்கக் கைமாறிப் போய், மறுபடி மருதாம்பாளிடமே வந்து நின்றது. ஒருத்தியும் அதை இறக்கிவைக்கவில்லை.

மருதாம்பாள் எழுந்தாள். கொளஞ்சியிடம் போய் நின்று, எல்லாவற்றையும் போட்டு உடைத்து, 'என்னடா சொன்னே' என்று சட்டையைப் பிடித்துக் கேட்டுவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். கேட்கலாம். அவன் பதில் சொல்லவும் செய்வான். அது விழுவதற்குத்தான் காதில்லை.

எழுந்து நின்றவளைப் பார்த்துக் கொளஞ்சி, மிஷினைப் போடப்போகிறேன் என்று கையைச் சுழற்றிக் காட்டினான். பெண்கள் ஒவ்வொருவராகக் கூடையை நிமிர்த்தினார்கள். தையல்நாயகி மட்டும் இன்னும் புருவத்தைத் தூக்கியபடியே மருதாம்பாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.